காணாது என்றால் எவ்வளவு காணாது?

வணக்கம் தம்பி,

ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் அஸ்வெசும காசு காணாது, போதாது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள், வாசித்தேன். நான் திருக்கோவில் பக்கம், முப்பது வருடம் படிப்பித்துவிட்டு இப்போது ஊர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். உங்கள் கட்டுரையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 17,500 ரூபா கையில் சும்மா வந்தால் உழைக்க மனம் வருமா? நாடு வங்குரோத்தாகி இப்போதுதான் எழும்புகிறது, காணாது காணாது என்றால் அரசாங்கம் எங்கே போகும்? அதோடு, காணும் என்பதற்கு ஒரு அளவு வேண்டாமா? எவ்வளவு கொடுத்தாலும் மனிதனுக்குக் காணாதுதான். தகுதியில்லாதவர்கள் எடுப்பதையும் நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாதம் எங்கள் சங்கக் கூட்டத்துக்குப் பிரதேச செயலகத்திலிருந்து வருகிறார்கள். காசைக் கூட்டுங்கள் என்று சும்மா கேட்டால் மதிக்கமாட்டார்கள். என்ன கேட்பது என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

வணக்கம் சேர்,

அளவு வேண்டாமா என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. நான் அந்தக் கட்டுரையில் அளவு சொல்லாமல் காணாது என்று மட்டும் எழுதியது பிழை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

வெல்லாவெளிப் பக்கம் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார், பெரியம்மாவின் மகள். அக்கா, மச்சான், மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பேர். மச்சானுக்கு வயல் கூலி. அறுவடைக்கு வெட்டு மெசின் வந்தபிறகு வரம்பு கட்டுவது, மருந்தடிப்பது, பசளை எறிவது என்று துண்டு துண்டாகத்தான் வேலை, அதுவும் போகம் முடிந்தால் இல்லை. அஸ்வெசுமவில் அவர்களை ‘வறிய’ பிரிவில் போட்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கியபோது அந்தப் பிரிவுக்கு 8,500 ரூபா, 2025 ஜனவரியிலிருந்து 10,000. நீங்கள் சொன்ன 17,500 அதற்குக் கீழே உள்ள ‘மிக வறிய’ பிரிவுக்கு, முன்பு அது 15,000ஆக இருந்தது.

இப்போது அரிசியை மட்டும் எடுங்கள். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும், மூன்று நேரமும் சோறோ பிட்டோ என்று இருக்கும் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அது அதிகம் இல்லை, மாதம் 45 கிலோ வருகிறது. 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்குப் போட்ட கட்டுப்பாட்டு விலை கிலோ 230 ரூபா. பெருக்கினால் 10,350. கூட்டிக் கொடுத்த காசு முழுவதும் அரிசிக்கே போய், மேலே 350 ரூபா கடன். தேங்காய், பருப்பு, மிளகாய், சவர்க்காரம், கரண்ட் பில், பிள்ளைகளின் பஸ் காசு எல்லாம் மச்சானின் கூலியில். கூலி இல்லாத மாதத்தில் கடைக் கொப்பியில்.

அந்தக் கொப்பியை அக்கா எனக்குக் காட்டினார். சாதாரண எண்பது பக்கக் கொப்பி, மட்டை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு வரியும் கடைக்காரரின் கையெழுத்து. நான் தொகையைப் பார்க்காமல் சாமான்களைப் பார்த்துக்கொண்டு போனேன். மாதத் தொடக்கத்தில் ‘பருப்பு 500’, பத்தாம் திகதிக்குப் பிறகு ‘பருப்பு 250’, இருபதுக்குப் பிறகு ‘பருப்பு 100’. முதல் கிழமையில் பால்மா பக்கெட் ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்கப் பால்மா என்ற சொல்லே இல்லை. சீனி கால் கிலோவாகி, பிறகு நூறு கிராமாகிறது. அரிசி மட்டும் குறையவில்லை, அரிசி குறைந்தால் பிள்ளைகள் கேட்பார்கள் என்றார் அக்கா. அஸ்வெசும வந்த அன்று சிவப்புப் பேனாவில் ‘7,000 வரவு’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. மிச்சம் மூவாயிரத்தில், மண்டூர்த் துறையால் பாதை (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிக்குடியில் வங்கிக்குப் போய்த் திரும்பிய செலவும் கழிய, பெரியவளுக்கு இரண்டு சீஆர் கொப்பி. அடுத்த நாளே புதுப் பக்கம் தொடங்குகிறது.

எனக்கு அளவு அந்தக் கொப்பியில் இருக்கிறது சேர். பருப்பு எந்தத் திகதியில் நூறு கிராமாகிறது என்பதுதான் அளவு.

இதைக் கூட்டத்தில் சொன்னால் ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடுவார்கள், தெரியும். ஆனால் அரசாங்கத்திடமே ஒரு அளவுகோல் இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை வெளியிடுகிறது, ஒரு ஆளுக்கு மாதத்துக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று, நாடு முழுவதற்கும் ஒன்று, பிறகு மாவட்டம் மாவட்டமாக. அம்பாறைக்கும் உண்டு, மட்டக்களப்புக்கும் உண்டு. 2024இல் நாடு முழுவதற்குமான கோடு ஆளுக்கு 16,000 ரூபாவைத் தாண்டி நின்றது. ஐந்து பேருக்கு 80,000. அக்காவுக்கு வரும் 10,000 அதில் எட்டில் ஒரு பங்கு. மிக வறிய வீட்டுக்கு வரும் 17,500 கூடக் கால்வாசிக்குக் குறைவு. முழு எண்பதாயிரத்தையும் அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, உழைக்கக்கூடியவர்கள் இருக்கும் வீட்டில் கொஞ்சம் உழைப்பால் வரும். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது இந்தக் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் அல்லவா? கோடு ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்கிறது, காசு குடும்பத்துக்கு என்று வருகிறது. நாலு பேர் வீட்டுக்கு என்ன உச்சத் தொகையோ ஏழு பேர் வீட்டுக்கும் அதுதான்.

அடுத்தது விலை. கோடு மாதாமாதம் விலையோடு ஏறி இறங்குகிறது, உதவித்தொகை யாராவது வர்த்தமானியில் மாற்றும்வரை அப்படியே நிற்கிறது. 2023க்குப் பிறகு விலைகள் முன்போலப் பாயவில்லை, அது உண்மை, ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போய் ஏறின விலை திரும்பப் பழைய இடத்துக்கு இறங்கவும் இல்லை. இது பழைய பிழை. 1979இல் அரிசிப் பங்கீட்டை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்களே, உங்கள் வயதுக்காரருக்கு நல்ல ஞாபகம் இருக்கும், அதன் பெறுமதியை ரூபாவில் கட்டிவைத்துவிட்டு விலை ஏற ஏறப் பேசாமல் இருந்தார்கள், ஒருசில வருடங்களிலேயே அதற்கு வாங்கக்கூடிய சாமான் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. முத்திரை அதே முத்திரை. பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. பெயர் மாறி மாறி வந்தது, விலை ஏறினால் தொகையும் தானாக ஏற வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் வரவே இல்லை.

சும்மா காசு வந்தால் உழைக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 17,500ஐ முப்பதால் பிரியுங்கள், ஒரு நாளைக்கு 583 ரூபா. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 116. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் கூலியை வேண்டாம் என்கிற ஆளை நான் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் காணவில்லை, கிழக்கே எழுவான்கரையிலும் காணவில்லை. வேலை இல்லாமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேறு. 2024 நவம்பர் வெள்ளத்தில் வயல் முழுக்கத் தண்ணீர் நின்றபோது மச்சான் வீட்டில்தான் இருந்தார், அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும், உங்களையும் சேர்த்து, மன்னிக்க வேண்டும்.

நாட்டிடம் காசு இல்லை என்பதற்கு ஒன்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்தில், செலவைக் குறை என்று சொன்ன அதே நிதியம், ஏழைகளுக்கான இந்தக் காசு உதவிகளுக்கு மட்டும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கீழ் எல்லை போட்டது. கீழ் எல்லைதான், மேல் எல்லை இல்லை. நூறு ரூபாவில் அறுபது சதம். அதைக் கூட்டுவதால் நாடு திரும்ப வங்குரோத்தாகும் என்று நான் நம்பவில்லை.

தகுதியில்லாதவர்கள் எடுக்கிறார்கள் என்பது சரி. தகுதியுள்ளவர்கள் வெளியே நிற்பதும் அதே அளவுக்குச் சரி, 2023இல் பட்டியல் ஒட்டியதும் நாடு முழுவதும் லட்சக்கணக்கில் மேன்முறையீடு போனதே. 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போடுகிறார்கள்: கல்வி, சுகாதாரம், வருமான நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. எங்கள் மாவட்டங்களில் வீடு என்ற இடத்தில்தான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. அக்காவின் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் மானியத்தில் கட்டியது. சுவர் கல், தரை சீமெந்து, மேலே ஓடு. யுத்தத்தில் எல்லாம் போனதால் கிடைத்த வீடு அது, உள்ளே போனால் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு பாயும்தான். வீட்டைப் பார்த்துப் போடும் புள்ளியில் அந்தச் சுவர் அவரை வசதியான பக்கத்துக்குத் தள்ளியிருக்கும், அடுக்களையில் என்ன இருக்கிறது என்று அந்தச் சுவர் சொல்லாது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே நீட்டவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். காசைக் கூட்டுங்கள் என்று கேட்க வேண்டாம். அம்பாறை மாவட்டத்துக்கான வறுமைக் கோட்டின் கடைசி மாதக் கணக்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அஸ்வெசும எடுக்கும் வீடுகளில் எத்தனை வீட்டில் ஐந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று சங்கத்துப் பிள்ளைகளை விட்டு எண்ணுங்கள், ஒரு கிழமை போதும். இரண்டையும் மேசையில் வைத்து, ஆள் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது கோட்டோடு ஒப்பிட்டுத் தொகையைத் திருத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். வருகிற உத்தியோகத்தருக்கு அதை மாற்ற அதிகாரம் கிடையாது, அவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் எழுத்தில் கொடுத்ததை அவர் மேலே அனுப்பலாம், நீங்களும் ஒரு பிரதியை நலன்புரி நன்மைகள் சபைக்கு அனுப்பலாம்.

கொப்பியின் இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவிடம் கேட்டேன், பெயரையும் கடையின் பெயரையும் மறைத்தால் காட்டலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.