பயந்து பயந்து வண்டி ஓடுபவருக்கு எந்த குவாட் பைக் நல்லது?

ஸ்கூட்டி மட்டும் ஓடிப் பழகிய, கொஞ்சம் பயந்த சுபாவமுள்ள உங்கள் மனைவிக்கு, நிலாவெளித் தென்னங்காணிக்குள் ஓட எந்த குவாட் பைக் (நாலு சில்லு மோட்டார் வண்டி) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: கிளச்சும் கியர் மாற்றும் வேலையும் இல்லாத, 250 முதல் 350 சிசி வரையிலான பண்ணை வகை வண்டி. வேகமாக ஓடச் செய்த விளையாட்டு வகை வேண்டவே வேண்டாம்.

எங்கள் அக்கா முதலில் ஏறியது அப்படியொரு விளையாட்டு வண்டியில்தான், உப்புவெளியில் தெரிந்த ஒருவருடையது. அக்சிலரேற்றரைப் பெருவிரலால் லேசாக அழுத்தினார், வண்டி பாய்ந்தது. பயத்தில், ஸ்கூட்டியில் செய்வதுபோலவே காலை நிலத்தில் ஊன்றிவிட்டார். பின்ரயர் பாதத்தில் ஏறியது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஸ்கூட்டி ஓடிய பழக்கம் குவாட்டில் இப்படித்தான் காலை வாரும். ஸ்கூட்டி வளைவில் தானே சாயும். குவாட் சாயாது, உடம்பைத்தான் உள்பக்கம் சாய்க்க வேண்டும். பல வண்டிகளில் பின்சில்லு இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகவே சுற்றும். அதனால் ஹாண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகத்தான் பார்க்கும். இது தெரியாதவர் தன் கையில்தான் பிழை என்று நினைத்து இன்னும் பயப்படுவார். முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

வாங்கப் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். ஏறி இருக்கட்டும், எழுந்து நிற்கட்டும். ஹாண்டிலை முழுதாகத் திருப்பும்போது தூரத்துக் கை எட்ட வேண்டும், பிறேக் விரலுக்குள் வர வேண்டும். நான் சொன்ன வகைக்கு உதாரணம், யமஹா கிரிஸ்லி 350: ஆட்டோமற்றிக். எஞ்சின் மெதுவாக இழுக்கும். ஹொண்டா ரீகொன் 229 சிசி. கிளச் இல்லை, ஆனால் கியர் மாற்ற வேண்டும், அதனால் இவருக்கு அவ்வளவு பொருந்தாது. ரிவர்ஸ் கட்டாயம் இருக்கட்டும்: கிட்டத்தட்ட 200 கிலோ, அதாவது நாலு சீமெந்து மூட்டைப் பாரம், மணலில் தனியாகத் தள்ள முடியாது. பயம் என்பதற்காக 90 சிசி எடுக்காதீர்கள். அது சிறுவர் உடம்புக்குச் செய்தது. பெரியவரின் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும்.

ரயர் விஷயத்தில் கவனம். இதற்குக் காற்று பெரும்பாலும் 3 முதல் 5 பிஎஸ்ஐ அளவுதான். கடையில் கார் ரயருக்குப் போல 30 அடித்துவிட்டால் வண்டி துள்ளும், நல்ல வண்டியும் முரடாகத் தெரியும். குறைந்த அழுத்தம் காட்டும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள்.

கவிழ்ந்து மேலே விழுவதுதான் இந்த வண்டியின் பெரிய ஆபத்து. அவுஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிதாக விற்கும் பண்ணை குவாட்களில், கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் காக்கும் அமைப்பு கட்டாயம். அதைப் பூட்டிய வண்டி கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது எடுங்கள். ஹெல்மெட் காணிக்குள்ளும் வேண்டும்.

அப்புறம், சீற் நீளமாக இருக்கிறதே என்று பின்னால் பிள்ளையை ஏற்ற வேண்டாம். ஓடுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றத்தான் அந்த நீளம். இதை அக்காவுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் காலையில் தேங்காய் மூட்டையைப் பின்ராக்கில் கட்டி, தனியாகவே காணியைச் சுற்றி வருகிறார்.