பாக்டீரியாவைப் பிடிக்கும் வைரஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வைரஸ் என்றாலே நோய்தானே சார்? குடலிலும் இருக்கிறது என்கிறீர்களே!

பயப்படாதீர்கள். குடலில் உள்ள வைரஸ்களில் பெரும்பாலானவை ஃபேஜ்கள், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள். அவை பாக்டீரியாவுக்குள்தான் பெருகும், மனித செல்லுக்குள் பெருகாது. மலத்தில் கிடைத்த டிஎன்ஏ துண்டுகளை 2014இல் கணினியில் ஒட்டிப் பார்த்தபோது, அதுவரை யாருக்கும் தெரியாத கிராஸ்ஃபேஜ் என்ற ஃபேஜ் வெளியே வந்தது. அப்புறம் தேடினால் பல நாட்டு மக்களின் குடலிலும் அது இருக்கிறது! அந்த வகையில் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க 2018 வரை ஆயிற்று. இத்தனை காலம் நமக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கங்கை நீரில் ஃபேஜ் இருப்பதாகச் சொல்கிறார்களே?

கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது, கொதிக்க வைத்தால் அந்தக் குணம் போய்விடுகிறது என்று ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1896இல் எழுதினார். ஃபேஜாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். அதற்காக ஆற்றுநீரை மருந்தாகக் குடிக்காதீர்கள். அதில் மற்ற கிருமிகளும் இருக்கும்.

பாக்டீரியாத் தொற்றுக்கு ஃபேஜையே மருந்தாகக் கொடுக்கிறார்களாமே, நோயாளிக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நோயாளியிடம் எடுத்த பாக்டீரியாவை அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் மெல்லிய படலமாக வளர்த்து, மேலே ஃபேஜைச் சொட்டு சொட்டாக வைப்பார்கள். மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தால், ஃபேஜ் வேலை செய்த இடம் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மற்ற இடமெல்லாம் மங்கலாகவே இருக்கும். ஒரே இனப் பாக்டீரியா என்றாலும், ஒருவருக்குக் கேட்ட ஃபேஜ் இன்னொருவருக்குக் கேட்காமல் போகலாம்.

இதற்கு நல்ல உதாரணம், லண்டனில் நுரையீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்ட 15 வயதுப் பெண். ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காத மைகோபாக்டீரியம் அப்செஸஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃபேஜ் ஆய்வாளர் கிரஹாம் ஹேட்ஃபுல் குழுவிடம், மாணவர்கள் மண்ணிலும் குப்பையிலும் தேடிச் சேர்த்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்கள் இருந்தன. அவற்றில் மூன்று தேறின. ஒன்றின் பெயர் 'மடி' (Muddy). தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயில் கிடைத்தது. மற்ற இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் டிஎன்ஏவுக்குள் பதுங்கக்கூடியவை. பதுங்க வைக்கும் மரபணுவை நீக்கிய பிறகே கொடுத்தார்கள். புண்கள் ஆறத் தொடங்கின, உடல் தேறியது. தொற்று முழுதாக ஒழிந்துவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை. 2019இல் அதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

பதுங்கினால் என்ன கெடுதல்?

காலரா விஷத்தின் மரபணுவே அப்படிப் பதுங்கிய ஃபேஜ் கொண்டுவந்ததுதான். சிகிச்சைக்கு அந்த வகை அப்படியே ஆகாது.

நல்ல பாக்டீரியாவும் செத்துவிடுமா?

பெரும்பாலும் இல்லை. ஆன்டிபயாடிக்கைவிட இதில் சேதம் குறைவு.

அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. ஃபேஜ் மருந்து எங்கே வாங்கலாம் அண்ணா?

கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் ஃபேஜ் சிகிச்சை தருகிறது. ஆனால் உங்கள் முதல் வேலை அது இல்லை. இணையத்தில் விற்கும் மாத்திரையும் வேண்டாம். காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, எலும்புக்குத் தொற்று போயிருக்கிறதா என்று இந்த வாரமே டாக்டரிடம் பாருங்கள். ரத்தம் போகாத காலில் ஃபேஜும் உதவாது. கூடவே புண்ணில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் பாக்டீரியாவின் பெயரை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.