தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியலை எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கப் போகிறேன், கண்டங்கள், தலைநகரங்கள் என்று தொடங்கலாமா, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தலைநகரங்களில் தொடங்க வேண்டாம். முடிந்தால் முதல் சில வாரங்களுக்குச் சுவரில் தொங்கும் வரைபடத்தையே கழற்றி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் முதலில் மேலிருந்து பார்த்து வரையப் பழகட்டும், வரைபடம் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு மேசையை வரையச் சொல்லிப் பாருங்கள். பலகையை மேலிருந்து பார்த்த மாதிரி செவ்வகமாகப் போட்டுவிட்டு, நான்கு கால்களையும் நான்கு பக்கமும் நீட்டிவிடுவார்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் பார்க்கிற வயது அது, அவர்களுக்கு வரைபடம் வெறும் கலர் படம். அதனால் டம்ளர், தீப்பெட்டி, ஒரு செருப்பு என்று கையில் கிடைப்பதைப் பெரிய தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுப் பொருளை எடுத்துவிடச் சொல்லுங்கள். டம்ளர் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருக்கும். "இது டம்ளர் மாதிரியே இல்லையே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், அதற்காகத்தான் இத்தனையும், அந்த இடத்தில் அவசரமே படாதீர்கள். கேட்ட பிள்ளையை பெஞ்சின் மேல் ஏற்றி, டம்ளரை நேர் கீழே வைத்துக் காட்டுங்கள். அப்புறம் வகுப்பறையைக் காலடி வைத்து அளந்து, இரண்டு காலடிக்கு ஒரு கட்டம் என்று கட்டம் போட்ட நோட்டில் வரையட்டும். வரைபடத்தின் அளவுகோல் (நிஜத் தூரம் தாளில் எவ்வளவு என்பது) அதிலேயே வந்துவிடும், தனிப் பாடம் வேண்டாம்.

அடுத்தது திசை. சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம், ஆனால் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மட்டும்தான், மற்ற நாட்களில் கொஞ்சம் வடக்கிலோ தெற்கிலோ தள்ளியே உதிக்கிறது. மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதை நடுவாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நீளமாக விழும் நிழல் வெயில் ஏற ஏறச் சுருங்கி, அதன் நுனி வட்டத்துக்குள் நுழையும், அங்கே ஒரு கல். பிற்பகலில் நுனி வட்டத்தைத் தாண்டி வெளியேறும் இடத்தில் இன்னொரு கல். இரண்டையும் இணைத்துக் கோடு இழுத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். முதல் கல் எந்தத் திசை என்று கேளுங்கள், பாதிப் பேர் கிழக்கு என்பார்கள். காலை வெயிலில் நிழல் மேற்கே விழுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்போது வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், ஆனால் தரையில் விரியுங்கள், அதன் வடக்கு நிஜமான வடக்கைப் பார்த்து இருக்கட்டும். இதை நான் ரொம்பவே வற்புறுத்திச் சொல்வேன். சுவரில் மட்டுமே பார்த்து வளர்ந்தால் வடக்கு மேலே, தெற்கு கீழே என்று மனதில் ஊறிவிடுகிறது, நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது என்று சொன்னால், தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். ரஷ்யாவின் சைபீரியாவில் ஓடும் ஓப், யெனிசேய், லீனா ஆறுகள் மூன்றும் வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலுக்குத்தான் போகின்றன. ஒரு தாளை நன்றாகக் கசக்கிப் பாதி விரித்து, மேடான மடிப்புகளில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, மேலே தண்ணீர் தெளியுங்கள். வண்ணம் பள்ளம் பார்த்து இறங்கிக் குட்டி ஆறுகளாக ஓடும், தாளை எந்தத் திசைக்குத் திருப்பி வைத்தாலும் ஓடும்.

ஊர், மாவட்டம், நாடு என்று ஒன்றுக்குள் ஒன்று இருப்பதும் இந்த வயதில் சுலபமாகப் பிடிபடாது. ஒருவர் ஜெனீவாக்காரராகவும் சுவிட்சர்லாந்துக்காரராகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்று சின்னப் பிள்ளைகள் சொன்னதை உளவியலாளர் பியாஜே பதிவு செய்திருக்கிறார். ஊருக்குச் சின்னது, மாவட்டத்துக்கு அதைவிடப் பெரியது, நாட்டுக்கு இன்னும் பெரியது என்று வெவ்வேறு அளவில் வட்டங்கள் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட வைத்தால் போதும்.

கண்டங்களுக்கு உலக உருண்டைதான் வேண்டும். பல சுவர் வரைபடங்களில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. கப்பலோட்டிகளுக்குத் திசை பிசகாமல் இருக்க வேண்டும் என்று 1569-இல் வரைபடம் வரைபவரான மெர்கேட்டர் போட்ட முறை அது, துருவம் நெருங்க நெருங்க நிலம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். மெல்லிய தாளை உருண்டையின் மேல் வைத்துக் கிரீன்லாந்தை அச்செடுத்து வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் அவர்களே நகர்த்திப் பார்க்கட்டும். உருண்டை 30 செ.மீ. அகலம் என்றால் எவரெஸ்ட் அதில் 0.2 மி.மீ. உயரம்தான், நிலாவோ சுமார் 9 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்து, நிலா எங்கே நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் உருண்டைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார்கள். வகுப்பறை வாசலைத் தாண்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

தலைநகரங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. தரையில் விரித்த வரைபடத்தில் இடம் தேடத் தெரிந்தபின், ஒரு நாளைக்கு இரண்டு பெயர் வீதம் தேடச் சொல்லுங்கள், மனப்பாடம் செய்ய வைக்காமலே நினைவில் நிற்கும்.