நீடாமங்கலத்துலேருந்து தஞ்சாவூருக்கு தினமும் ஓட்ட 350 சிசி பைக் வேணுமா, 100 போதுமா?

கேள்வி: அண்ணே, நீடாமங்கலம் பக்கத்துல கிராமம். வேலை தஞ்சாவூர்ல, போக வர தினம் 60 கிலோமீட்டர் ஆயிடுது. லீவு நாள்ல வயலுக்கு போகணும், மாசம் ஒருதடவ ஒய்ஃபோட திருச்சி மாமனார் வீடு. இப்ப இருக்கறது பழைய ஸ்ப்ளெண்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அப்பா "இன்னொரு ஸ்ப்ளெண்டரே எடுடா, சோறு போடுற வண்டி"ங்கறார். என் உயரம் அஞ்சடி நாலு இஞ்ச். எதை எடுக்கலாம்?

தம்பி, மொதல்லயே சொல்லிடறேன், உங்க ஓட்டத்துக்கு ரெண்டுமே சரியா பொருந்தல. நடுவுல 150, 160 சிசின்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுல ஒண்ணுதான் உங்களுக்கு. ஆனா நீங்க எப்படி ஓட்டற ஆளுங்கறத பொறுத்து இந்த பதில் மாறும், அதனால பொறுமையா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

சிசிய பாத்து சின்ன வண்டி பெரிய வண்டின்னு பிரிக்கறத மொதல்ல விடுங்க. சிசிங்கறது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போற இடத்தோட கொள்ளளவு, அவ்ளோதான், அதை வச்சு வேகத்தையும் சொல்ல முடியாது இழுவையையும் சொல்ல முடியாது. கிளாசிக் 349 சிசி, பவர் 20 பிஎஸ் சொச்சம் (பிஎஸ்ங்கறது குதிரைத்திறன் கணக்கு). கேடிஎம் 390 டியூக் 399 சிசி, பவர் 46 பிஎஸ். அம்பது சிசி வித்தியாசத்துல பவர் ரெண்டு மடங்குக்கு மேல போகுதுன்னா காரணம் இஞ்சின செஞ்ச விதம். கிளாசிக்ல சிலிண்டர் அகலம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 85.8, அதாவது ஒல்லியா உசரமா இருக்கும். மெதுவா சுத்தும், ஆனா தள்ளும்போது ஒவ்வொரு தடவையும் பலமா தள்ளும், அதான் அந்த டப் டப். டியூக்ல அப்படியே தலைகீழ், அகலம் 89, தூரம் 64, அது முறுக்க முறுக்கதான் உசுரு வரும்.

இப்ப உங்க ஆசை வண்டிக்கு வருவோம். கிளாசிக்கோட எடை 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112. உங்கள 65 கிலோன்னு வச்சுக்கிட்டு, ஆளோட சேத்து ஒரு டன்னுக்கு எத்தன பிஎஸ்னு கணக்கு போட்டா ஸ்ப்ளெண்டர் சுமார் 45, கிளாசிக் சுமார் 78. சரி, பெரிய வண்டிதான் ஜெயிக்குதுன்னு தோணும். டிவிஎஸ் அபாச்சி 160 4வி எடுத்துக்குங்க, 17.5 பிஎஸ், எடை 145 கிலோ சுமார், அது 83 வருது! பாதி சிசி கூட இல்லாத வண்டி. ஆக பிக்கப்புக்காக 350 எடுக்கறேன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா இங்கதான் விஷயமே இருக்கு. அபாச்சியோட அந்த 17.5 பிஎஸ் முழுசா வர்றது 9,000 ஆர்பிஎம்முக்கு மேல, அதாவது இஞ்சின் நிமிஷத்துக்கு 9,000 தடவைக்கு மேல சுத்தும்போது. இழுவைன்னு நாம சொல்ற டார்க் 14.7 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,000த்த தாண்டிதான் உச்சத்துக்கு வரும். கிளாசிக்ல 27 நியூட்டன் மீட்டர், வெறும் 4,000 ஆர்பிஎம்லயே கைக்கு வந்துடும். அதனால கியர கொறச்சு முறுக்கி ஓட்டற ஆளுக்கு அபாச்சி வேகமான வண்டி, டாப் கியர்ல போட்டுட்டு அப்படியே போற ஆளுக்கு அதே அபாச்சி சோம்பேறி வண்டி. உங்க ஊர்லயே பாருங்க, முக்கால்வாசி பேரு நாப்பது தொடறதுக்குள்ள டாப் கியருக்கு போயிடுவாங்க, பெட்ரோல் மிச்சம்னு அப்பாமாருங்க சொல்லிக் குடுத்த பழக்கம். அந்த மாதிரி ஆளு அபாச்சி வாங்கினா காசு குடுத்த பவர்ல பாதிய தொடவே மாட்டாரு. அவருக்கு 160 கூட்டத்துலயே யமஹா எஃப்இசட் மாதிரி வண்டி பொருந்தும். பேப்பர்ல பவர் 12.4 பிஎஸ்தான், பசங்க கிண்டல் பண்ணுவாங்க, ஆனா 13.3 நியூட்டன் மீட்டர் 5,500 ஆர்பிஎம்லயே வந்துடுது, கியர அடிக்கடி மாத்த வேணாம்.

நீங்க எந்த ஆளுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். அம்மாபேட்டைக்கும் கோவில்வெண்ணிக்கும் நடுவுல பஸ் பின்னாடி மாட்டிக்கறீங்க, எதிர்ல ரோடு காலி. அப்ப உங்க இடது கால் என்ன பண்ணுதுன்னு கவனிங்க. தானா ஒரு கியர் கொறச்சா நீங்க முறுக்கற ஆளு. கால் சும்மா இருந்து வலது கை மட்டும் திருகினா இழுவை தேடற ஆளு. இதுல ஒண்ணு உசத்தி இன்னொண்ணு மட்டம்னு இல்ல.

அந்த ஓவர்டேக்குதான் ஸ்ப்ளெண்டர் வேணாம்னு நான் சொல்றதுக்கும் காரணம், அப்பாகிட்ட இந்த கணக்க காட்டுங்க. பஸ் 45ல போகுது. ஒய்ஃப் பின்னாடி இருக்காங்க, 100 சிசி வண்டி மெதுவா ஏறி 55ல தாண்டுதுன்னு வைங்க. பஸ்ஸோட நீளம், முன்னாடி பின்னாடி இடைவெளி எல்லாம் சேத்து 35 மீட்டர் முந்தணும். பத்து கிலோமீட்டர் வேக வித்தியாசத்துல அதுக்கு 12, 13 செகண்ட் ஆகும், அதுக்குள்ள நீங்க ராங் சைடுல 190 மீட்டர் ஓடியிருப்பீங்க, எதிர்ல 60ல வர்ற லாரி இன்னொரு 210 மீட்டர் வந்திருக்கும். ஆக 400 மீட்டர் காலி ரோடு வேணும். அதே இடத்துல 160 வண்டி 65ல தாண்டினா ஆறு செகண்ட் சொச்சம், 220 மீட்டர் போதும். தஞ்சாவூர் நாகப்பட்டினம் ரோட்டுல வளைவும் ஊரும் மாறி மாறி வர்ற எடத்துல 400 மீட்டர் எங்க காலியா கிடைக்கும்? தினம் ரெண்டு வேளை அந்த ரோட்டுல போறவருக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இதுக்கு மேல பவர் இருந்தா இன்னும் நல்லதுதானேன்னு கேப்பீங்க. தஞ்சாவூர் திருச்சி நாலுவழிச் சாலையிலயே மத்திய அரசு 2018ல போட்ட உத்தரவுல பைக்குக்கு 80தான் உச்ச வேகம்னு வச்சாங்க. நம்ம டெல்டாவுல மலையும் கிடையாது மேடும் கிடையாது, பாலம் ஏறி எறங்கறதுதான் பெரிய ஏத்தம். காத்த கிழிச்சுக்கிட்டு போறதுக்கு வேண்டிய பவர் வேகம் ஏற ஏற கன்னாபின்னான்னு கூடும், வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு வேணும், அதனாலதான் 60ல சுகமா போற ஸ்ப்ளெண்டர் 80ல மூச்சு முட்டி கத்துது. 160 வண்டி 80ல கத்தாது, கையில இன்னும் மிச்சம் வச்சிருக்கும். அந்த மிச்சம் போதும். 46 பிஎஸ்ஸ வச்சுக்கிட்டு வல்லம் தாண்டி என்ன பண்ணப் போறீங்க.

பிரேக்க பத்தியும் சொல்லணும். 2019 ஏப்ரல்லேருந்து 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம், அதுக்கு கீழ ரெண்டு பிரேக்கும் சேந்து பிடிக்கற ஏற்பாடு இருந்தா போதும்னு விட்டாங்க. நம்ம பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். தை மாசம் அறுவடை மெஷின் வயல்லேருந்து ஏறினா ரோடு முழுக்க களிமண் கட்டி, அப்புறம் நெல்ல காய வைப்பாங்க, மாசி பங்குனியில உளுந்து செடிய ரோட்டுல பரப்பி வண்டி ஏறட்டும்னு விட்டுடுவாங்க. அது மேல பிரேக்க பிடிச்சா வீல் லாக் ஆகி சறுக்கும், ஏபிஎஸ் இருந்தா லாக் ஆகறத தடுத்து வண்டிய நேரா வச்சிருக்கும். ஆனா சீக்கிரம் நிக்கும்னு நினைக்காதீங்க, நெல்லு மேல எந்த ஏபிஎஸ்ஸும் வண்டிய சட்டுனு நிறுத்தாது, தூரத்துலயே வேகத்த கொறச்சுக்கணும். விலை கொறஞ்ச மாடல்ல முன் வீலுக்கு மட்டும் ஏபிஎஸ் இருக்கும், ரெண்டு வீலுக்கும் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, அந்த காசுல கஞ்சம் வேணாம். இன்னொண்ணு, கால் பிரேக்க மட்டும் மிதிச்சு ஓட்டற பழக்கம் இருந்தா இப்பவே மாத்திக்கணும், வண்டிய நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன் பிரேக்கோடது.

வயல் கதைக்கு வருவோம். 350 இங்கதான் தோக்குது. வாய்க்கா கரையில எதுக்க டிராக்டர் வந்தா வண்டிய திருப்பணும், 195 கிலோவ ஈர களிமண்ல, அஞ்சடி நாலு இஞ்ச் ஆளு, சீட்டு உசரம் 805 மில்லிமீட்டர், சீட்டும் அகலம், கால் முழுசா ஊனாது. ஓடும்போது எடை தெரியவே தெரியாது, நிக்கும்போதும் தள்ளும்போதும்தான் தெரியும். ஜூன் 12 மேட்டூர் தெறந்து தண்ணி கடைமடைக்கு வந்ததுக்கப்புறம் கரை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எஃப்இசட் 136 கிலோ, சீட்டு 790, இது உங்க உயரத்துக்கு அடங்கற வண்டி. சில பேரு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுக்க சொல்வாங்க, மண் ரோட்டுக்கு அருமையான வண்டிதான், அடிவயிறு தரையிலேருந்து 220 மில்லிமீட்டர் தூக்கி இருக்கும், ஆனா சீட்டு 825. கால் எட்டாம சேத்துல சாஞ்சிட்டா அந்த 220 எதுக்கு ஆகும்.

உர மூட்டை மட்டும் எந்த பைக்லயும் ஏத்தாதீங்க. யூரியா மூட்டை 45 கிலோ, அதை பெட்ரோல் டேங்க் மேல படுக்க வச்சு ஓட்டறத பாத்திருக்கேன், ஹேண்டில் திரும்பாது. அதுக்குன்னே பொறந்தது டிவிஎஸ் எக்ஸெல், முன்னாடி கால் வைக்கற எடத்துல மூட்டைய வச்சா எடை கீழயே இருக்கும். வீட்டுல அப்பாகிட்ட எக்ஸெல் இருந்தா அதை வித்துடாதீங்க, இல்லன்னா பழைய ஸ்ப்ளெண்டர வித்த காசுல பழைய எக்ஸெல் ஒண்ணு பாருங்க. எல்லா வேலையும் ஒரே வண்டி செய்யணும்னு நினைக்கும்போதுதான் தப்பான வண்டி வீட்டுக்கு வருது.

காசு கணக்கு சுருக்கமா. மாசம் 25 நாள், 1,500 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபான்னு போட்டுக்குங்க. 60 மைலேஜ் குடுத்தா 2,500 ரூபா, 160 வண்டி 45 குடுத்தா 3,300, 350 வண்டி 33 குடுத்தா 4,500. இன்சூரன்ஸ்ல எதிராளிக்கான கட்டாய பாலிசி 2022ல வந்த அட்டவணைப்படி 75 சிசிக்கு மேல 150 வரைக்கும் வருஷம் 714 ரூபா, 150க்கு மேல 350 வரைக்கும் 1,366, அதுக்கும் மேல 2,804. எஃப்இசட் 149 சிசி, அபாச்சி 159.7, அதனால பத்து சிசி வித்தியாசத்துல தொகை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுது. ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர்லேருந்து 350 சிசி வரைக்கும் 18 சதவீதம், தாண்டினா 40. கிளாசிக் 349ங்கறதால அது தப்பிச்சுது, டியூக் 390 மாதிரி வண்டிங்க மாட்டிக்கிச்சு.

அப்போ 350 யாருக்கு? வாரா வாரம் ரெண்டு பேரா ஈசிஆர்ல பாண்டிச்சேரி, சென்னைன்னு போறவங்களுக்கு, நெடுந்தூரம் 70, 75ல நிதானமா போயிட்டே இருக்கறவங்களுக்கு. அங்க அந்த எடையே லாபம், எதிர்ல பஸ் அடிச்சிட்டு போற காத்துக்கு சின்ன வண்டி மாதிரி தடுமாறாது, முதுகும் வலிக்காது. உங்க திருச்சி பயணம் மாசம் ஒருதடவ, அதுக்காக மீதி நாளெல்லாம் 195 கிலோவ நீடாமங்கலம் ரயில்வே கேட்ல கால் ஊனிக்கிட்டு தாங்கணுமான்னு யோசிங்க. அந்த கேட்ல ஒரு கூட்ஸ் போற வரைக்கும் இஞ்சின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போடுங்க, எந்த வண்டியா இருந்தாலும். கிளட்ச்ச பிடிச்சிக்கிட்டே உருட்டி உருட்டி போனா கிளட்ச் பிளேட்டு சீக்கிரம் போயிடும்.

ஆசைய நான் குறைச்சு சொல்லல. இவ்ளோ கணக்கும் கேட்டுட்டு "பரவால்ல அண்ணே, எனக்கு அந்த சத்தம்தான் வேணும்"னா, ஹண்டர் 350 ஒருதடவ ஓட்டி பாருங்க. இஞ்சின் அதே குடும்பம், எடை 181 கிலோ, சீட்டும் கிளாசிக்க விட கீழ. வயலுக்கு எக்ஸெல்ல போயிடுங்க.

ஷோரூமுக்கு போகும்போது ஒய்ஃபையும் கூட்டிட்டு போங்க, தனியா ஓட்டி பாத்து வாங்காதீங்க. 160 வண்டிங்க பலதுல பின் சீட்டு கொஞ்சம் தூக்கலா இருக்கும், சேலையோட ஒரு பக்கமா உக்காந்தா பிடிமானம் பத்தாது, சாரி கார்டும் ஃபுட் ரெஸ்ட்டும் எப்படி இருக்குன்னு அவங்களே உக்காந்து பாத்து சொல்லட்டும். அப்புறம் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, சேல்ஸ் பையன கை வைக்க விடாம, வண்டிய நீங்களே ரிவர்ஸ்ல தள்ளி ஒரு அரை வட்டம் திருப்பி பாருங்க. செருப்போட, ஷூ வேணாம், வயலுக்கு எப்படி போவீங்களோ அப்படி.