கால்கள் எங்கே போயின?

வணக்கம் அண்ணா,

நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன், ஒரு நடனக் குழுவில் ஆடுகிறேன். அண்மையில் உள்ளூர்த் தமிழ்ப் பாட்டு வீடியோ ஒன்றில் பாடகருக்குப் பின்னால் ஆட எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தோம். வழக்கம்போல ஒரு கார் பார்க்கில் ராத்திரி முழுக்க ஷூட்டிங். புகை, ஈரத் தரை, எல்லாருக்கும் கறுப்பு உடை. நடுவில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு ஆடச் சொன்னார்கள், மூச்சு முட்டிவிட்டது. வீடியோ வெளிவந்ததும் பார்த்தால் எங்கள் கால்களையே காணோம்! தோள், இடுப்பு, பாடகரின் முகம், மறுபடியும் தோள். ஒரு ஸ்டெப்பு கூட முழுதாக இல்லை. மற்றவர்களின் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இது கற்பனை வறட்சியா, இல்லை இதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறதா? அடுத்த முறை எங்கள் ஆட்டம் தெரிய நாங்கள் என்ன செய்யலாம்?

எஸ்., செந்தூல்

அன்புள்ள எஸ்.,

இலக்கணம் இருக்கிறது. வறட்சியும் கொஞ்சம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. ஆட்டப் பாட்டு ஒன்று நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு அரை வினாடி. நீங்கள் எட்டு எண்ணிக்கையில் பழகிய ஸ்டெப்பு ஆடி முடிய நாலு வினாடி ஆகும். எடிட்டர் இரண்டு தட்டுக்கு ஒருமுறை வெட்டினால் ஒரு ஷாட்டின் ஆயுள் ஒரே வினாடி. அந்த நாலு வினாடியில் நாலு ஷாட் வரும், அதில் இரண்டு பாடகரின் முகத்துக்குப் போய்விடும். மிச்சம் இரண்டில் உங்கள் தோள் ஒன்று, இடுப்பு ஒன்று. பார்ப்பவர்கள் 'என்ன வேகம்!' என்பார்கள். அந்த வேகம் வெட்டில் வந்த வேகம். கால் எவ்வளவு சுமாராக ஆடினாலும் அது வந்துவிடும், எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதற்கு மேல் தெரியாது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1930களின் ஹாலிவுட்டில் நடன நடிகர் பிரெட் அஸ்டேர், தலை முதல் கால்வரை முழு உடம்பும் திரையில் தெரிய வேண்டும், முடிந்தவரை வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். நம் பக்கத்தில் 1948இல் எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பாருங்கள். அந்த ராட்சச முரசுகளின் மேல் ஆடும் கூட்டம் முழுதாகத் தெரியட்டும் என்று கேமரா எவ்வளவு தள்ளிப் போகிறது! அங்கே விற்பனைக்கு வைத்தது ஆட்டத்தை.

பாட்டு வீடியோவில் விற்பனைக்கு இருப்பது பாடகரின் முகம். பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி தொலைக்காட்சி 1981 ஆகஸ்டில் தொடங்கியபோதே வீடியோ என்பது இசைத்தட்டுக்கான விளம்பரம்தான். ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992இல் வந்த தம் நூலில் இந்த வீடியோக்களின் பொது இயல்புகளைத் தொகுத்தபோது, பாடகருக்கு நிறைய குளோசப் வேண்டும் என்ற இசை நிறுவனங்களின் தேவையையும் அதில் ஒன்றாகச் சேர்த்தார். உங்கள் கால்கள் போன இடம் அதுதான்.

நம் ஊர்த் தமிழ் வீடியோவில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். சினிமாப் பாட்டில் பாடுகிறவர் வேறு, வாயசைக்கிறவர் வேறு. திரையில் இருக்கும் நடிகர் ஆடத் தெரிந்தவராக இருந்தால் கேமரா தானாகவே பின்வாங்கும். பிரபுதேவாவின் காலை வெட்டிவிட்டு எந்த ஒளிப்பதிவாளர் பிழைத்திருக்க முடியும்? மலேசிய ஆல்பம் பாட்டில் பாடியவரே திரையில் நின்றாக வேண்டும், ஏனென்றால் அவர்தான் காசு போட்டவர், பெரும்பாலும். அவர் ஆடப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யோகி பி, நட்சத்ரா கூட்டணியின் 2006 ஆல்பம் மூலம் இங்கிருந்து கிளம்பிய தமிழ் ராப் தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது. அதன் பின்னால் வந்த பலருக்கும் ராப்பரின் உடல்மொழிதான் முன்மாதிரி. காலை ஊன்றி நின்று, கையை லென்ஸுக்கு நேராக நீட்டிப் பேசுவது. ராப்புக்கு அது போதும். ஆட்டப் பாட்டுக்குப் போதாது. அந்தக் குறையை நிரப்பத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அதனால்தான் அம்புமுனை வரிசை. முனையில் பாடகர், இரு பக்கமும் பின்னோக்கி விரியும் நீங்கள். அவருக்குச் சிவப்புச் சட்டை, உங்களுக்குக் கறுப்பு. அவர் கையை உயர்த்தினால் பத்துப் பேர் கை உயரும், அவர் பெரிய ஆட்டக்காரர் போலத் தோன்றிவிடும். கேமராவைத் தரையோடு வைத்து அகல லென்ஸ் போட்டால் உயரமும் கூடிவிடும். இதில் தந்திரம் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. நான் குறையாகச் சொல்லவில்லை.

கார் பார்க் சங்கதி சுவாரசியமானது. கோலாலம்பூரில் சாயங்கால மழையை நம்பி யாரும் மொட்டை மாடியில் விளக்கு கட்டுவதில்லை. கார் பார்க்குக்குக் கூரை இருக்கிறது. ராத்திரி காலியாக இருக்கும். தூண்கள் வரிசையாகத் தூரம் வரை போவதால் செட் போடாமலே ஆழம் கிடைக்கிறது. பின்னாலிருந்து விளக்கு அடித்தால் வெளிச்சக் கதிர் கண்ணுக்குத் தெரியப் புகை வேண்டும். வெறும் சிமெண்டுத் தரை படத்தில் செத்துப்போய்க் கிடக்கும். தண்ணீர் ஊற்றினால் மேலே உள்ள விளக்கெல்லாம் கீழேயும் எரியும். ஒவ்வொன்றும் சின்ன பட்ஜெட்டுக்குக் கண்டுபிடித்த நல்ல வழிதான். எல்லாரும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும்போதுதான் எந்தப் பாட்டு எது என்று தெரியாமல் போகிறது. கூரைக்கு வெளியே வருகிறவர்கள் நேரே நகரின் நடுவே விளக்குகள் மின்னும் சலோமா நடைபாலத்துக்குப் போகிறார்கள். 2020இல் திறந்ததிலிருந்து அங்கே விளக்குச் செலவு மிச்சம். வெற்றிலை அடுக்கு வடிவில் கட்டிய பாலத்தில் நம் கல்யாணப் பாட்டு ஒன்றையாவது யாராவது யோசித்து எடுத்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்கு அது பின்னால் மின்னுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த இரட்டை வேகம். வினாடிக்கு 50 பிரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும். உதடும் பாதி வேகத்தில் அசைந்தால் பாட்டோடு ஒட்டாது. அதனால் எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு வாயசைக்கச் சொல்கிறார்கள். திரையில் வாய் பாட்டோடு சேர்ந்துவிடும். முடியும் உடையும் புகையும் மட்டும் மிதக்கும். இது முழுக்க முழுக்கப் பாடகரின் வாய்க்கான ஏற்பாடு. பின்னால் ஆடுகிறவர்களுக்கு அந்த ஷாட்டில் அசைவுகளைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்திருக்க வேண்டும். மாஸ்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

ஆண் டான்சர் என்றால் தோள், பெண் டான்சர் என்றால் இடுப்பு என்று கேமரா போகிறதே, அதற்குப் பட்ஜெட் காரணம் எதுவும் கிடையாது. அது பழக்கம், கெட்ட பழக்கம்.

ஆனால் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. கைப்பேசித் திரை நிற்கிற மனிதரின் வடிவத்தில் இருக்கிறது. டிக்டாக்கில் ஒருவர் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெட்டே இல்லாமல் ஆடுகிறார், தலை முதல் கால்வரை. கே-பாப் நிறுவனங்கள் ஒத்திகை அறையில் ஒரே கேமராவை நிலையாக வைத்து எடுத்த ஆட்டத்தைத் தனி வீடியோவாகவே வெளியிடுகின்றன. அதைப் பார்த்துப் பழகித்தான் இங்கே பேரங்காடிகளில் பிள்ளைகள் கூடி ஆடுகிறார்கள். அஸ்டேர் சண்டை போட்டு வாங்கிய ஷாட் இப்போது சும்மா கிடைக்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. குறுகிய திரைக்குள் பத்துப் பேர் பக்கவாட்டில் விரிய முடியாது, பார்க்கிறவர் உடனே பழகிக்கொள்ளும்படி ஸ்டெப்பும் எளிதாக இருக்க வேண்டும். அதனால் வைரலாகும் ஸ்டெப்புகள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே, கையும் தோளுமாக முடிந்துவிடுகின்றன. கால் திரைக்கு வந்துவிட்டது, வேலைதான் இல்லை!

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒப்புக்கொள்ளும்போதே, பல்லவி முழுவதும் எல்லாரும் தலை முதல் கால்வரை தெரிகிற ஒரு வைட் ஷாட், கேமரா அசையாமல், ராத்திரி தொடக்கத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். விடிகிற நேரத்தில் யாருக்கும் கால் எழும்பாது. அது வீடியோவில் வராவிட்டாலும், உங்கள் குழுவின் சமூக ஊடகப் பக்கத்தில் தனி நடன வீடியோவாகப் போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள், எழுத்தில். பாட்டுக்கும் அது விளம்பரம் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கறுப்பு உடை வேண்டும் என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள், காலணி மட்டும் வெள்ளையாக இருக்கட்டும். மைக்கல் ஜாக்சன் குட்டையான கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டு ஆடியபோது கண் நேராகக் காலுக்குத்தான் போனது. ஈரத் தரையில் வெள்ளை இரண்டு மடங்காகத் தெரியும், எடிட்டருக்கும் வெட்ட மனம் வராது. வழுக்காத அடிப்பாகமா என்று பார்த்து வாங்குங்கள்.