எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பழைய மாத்திரைகளைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. குடியாத்தத்தில் வசிக்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் வேலூரில் இரைப்பை பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். 116 கிலோ இருந்த எடை இப்போது 103. டிஸ்சார்ஜ் சீட்டில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டுமே இருந்தது. முன்பு போட்டுவந்த இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமெபிரைடை எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, வீட்டில் மீதியிருந்ததைக் காலையில் போட்டு வருகிறேன். ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் பழைய மாத்திரைகள்தான். பதினோரு மணிவாக்கில் வியர்த்துக் கை நடுங்குகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பெரிய மாத்திரைகளைப் பொடி செய்து போடலாமா?

மருத்துவர் பதில்: அவர்கள் மறக்கவில்லை அம்மா, வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். நாளைக் காலை கிளிமெபிரைடு போடாதீர்கள். இன்றே உங்கள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, இத்தனை நாள் அதைப் போட்டதையும் நடுக்கம் வருவதையும் சொல்லிவிடுங்கள்.

இரைப்பையைச் சிறிதாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பதுதான் இந்த பைபாஸ். அதைச் செய்தவர்களுக்கு எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டின் அளவு சுருங்குவது ஒரு காரணம். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் நேராகக் கீழே போவதால் குடல் ஹார்மோன்கள் மாறுவது இன்னொன்று. கிளிமெபிரைடோ நீங்கள் நான்கு இட்லி சாப்பிட்டீர்களா, நான்கு கரண்டி கஞ்சி குடித்தீர்களா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பதினோரு மணி நடுக்கம் பெரும்பாலும் அதனால்தான். அடுத்த முறை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் இதற்கும் ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கையில் கொடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். பைபாஸ் வயிற்றுக்கு அது வேறு உபத்திரவம்.

மெட்ஃபார்மினைத் தொடரலாம். ஆனால் நீங்கள் போடுவது எது? அட்டையின் பின்பக்கம் பெயரை அடுத்து எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், மணிக்கணக்கில் மெல்லக் கரைவதற்காகச் செய்த மாத்திரை அது. பொடி செய்தால் முழு அளவும் ஒரேயடியாக உள்ளே இறங்கும். முழுசாக விழுங்கினாலும் குட்டையான பாதையில் சரியாகக் கரையாமல் போகலாம். சாதாரண 500 மில்லிகிராம் மாத்திரையாகவோ திரவ மருந்தாகவோ மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். எதைப் பொடி செய்யலாம் என்பதை ஒவ்வொரு மருந்தாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

தலைசுற்றலுக்கும் அட்டையிலேயே தடயம் இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையான டெல்மிசார்டன் என்ற பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஓர் எழுத்து இருந்தால், அதில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. மடக்கு மடக்காக மட்டுமே தண்ணீர் குடிக்க முடிகிற உங்களுக்கு, வேலூர் வெயிலில், அந்த ஓர் எழுத்து போதும் மயக்கம் போட்டு விழ. சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த மாதச் சந்திப்பு வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் சிக்கலே நேரம்தான். இப்போது உங்களுக்குக் கால்சியமும் இரும்புச் சத்தும் கொடுத்திருப்பார்கள். காலையில் ஒரே கையில் மூன்றையும் வைத்து விழுங்கினால் தைராய்டு மருந்தான தைராக்சின் சரியாக உடலில் சேராது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின்; காபி குறைந்தது அரைமணி நேரம் கழித்து. நான்கு மணி நேரம் போன பிறகே கால்சியம். அதுவும் சிட்ரேட் வகையாக இருந்தால் நல்லது, அது செரிக்க வயிற்று அமிலம் அதிகம் தேவையில்லை. இரும்பு மாத்திரையை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடை குறையக் குறையத் தைராக்சின் அளவும் மாறலாம் என்பதால் தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது மூட்டு வலி மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எதுவும் உங்களுக்கு ஆகாது. இரைப்பையையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடத்தில் அவை புண்ணை உண்டாக்கும். 'பாராசிட்டமால்தான்' என்று கொடுக்கும் மாத்திரையில் அசெக்ளோஃபெனாக்கும் கலந்திருப்பது வெகு சாதாரணம், ஆகவே அட்டையில் உள்ள எல்லாப் பெயர்களையும் படியுங்கள். கிளினிக்கில் ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குத் தொந்தரவில்லை என்று நினைப்பதும் தவறு. ரத்தத்தின் வழியாகப் போயும் அது இதே வேலையைத்தான் செய்யும். தனிப் பாராசிட்டமால் போதும். எடை இறங்கினால் முழங்காலுக்கும் சுமை குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்று. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தவிர்ப்பது நல்லது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

இதே சிகிச்சை செய்துகொண்ட மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மனநலச் சிகிச்சைக்கான லித்தியம் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனை இல்லாமல் பழைய அளவில் தொடரக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் வலி மாத்திரை பற்றி மேலே படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மேல்வயிற்றில் விடாமல் வலித்தாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாக வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள்.