மோட்டாரில் சிக்கிய கோமாளி மீன்: மஞ்சள் தூள் வேண்டாம்

வணக்கம் சகோ. பவர்ஹெட் (தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்) உறிஞ்சி வால் கிழிந்து, விலாவில் செதிலும் போன கோமாளி மீனுக்கு மஞ்சள் தூள் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். தண்ணீர் கலங்குவதுதான் மிச்சம்.

முதலில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, அதே தொட்டிக்குள்ளேயே மிதக்க விடுங்கள். மற்ற மீன்கள் கொத்தாது, தண்ணீரும் மாறாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் பூஜ்யமாக இருக்கட்டும். துடுப்பின் அடிப்பகுதி தப்பியிருந்தால் சில வாரங்களில் வளர்ந்துவிடும்.

நீங்கள் கடலோர மண்டபம் ஊர்க்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கரையோரக் கடல் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றாதீர்கள், மழைநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். ஒருமுறை பாம்பனில் குடத்தில் மொண்டு வந்து பார்த்தேன், ஹைட்ரோமீட்டர் (தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பை அளக்கும் கருவி) 1.018 காட்டியது! தொட்டியில் 1.025 இருந்தால், அந்தத் திடீர் மாற்றமே காயம்பட்ட மீனை இன்னும் வாட்டும். அளந்து, உப்பு சேர்த்து, ஒருநாள் காற்று விட்டு ஊற்றுங்கள்.

புண் ஓரம் சிவந்தாலோ பஞ்சுபோல் படர்ந்தாலோ தனித் தொட்டிக்கு மாற்றி, அங்கே மட்டும் மருந்து. செம்பு கலந்த மருந்து பெரிய தொட்டியில் விழுந்தால் இறால், பவளம் எல்லாம் போய்விடும்.

அப்புறம், அந்த மோட்டார் வாயில் ஸ்பான்ஜ் மாட்டினீர்களா?